குமிழங்குடியில் நின்ற முகூர்த்தம்

குமிழங்குடிக்காரர்களைப் பற்றி ஒன்றே ஒன்று தெரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும் என்பாள் வடிவாம்பாள்: அவர்கள் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது தாங்கள் உட்காருவதற்காக அல்ல, இன்னொருத்தன் உட்காரக்கூடாது என்பதற்காக. வண்டி நிலையத்துக்குள் வந்து நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டும் கைக்குட்டையும் சாப்பாட்டுப் பையும், ஒருமுறை ஒரு கைக்குழந்தையும்கூட, உள்ளே பறந்துபோய் விழும். எறிந்தவன் கீழே நின்று வெற்றிலை போட்டுக்கொண்டு நாலு பேரிடம் ஊர்க்கதை பேசிவிட்டு, வண்டி கிளம்பும்போது ஏறினாலும் ஏறுவான், ஏறாமல் வீட்டுக்குப் போனாலும் போவான். துண்டு மட்டும் கடைசி நிறுத்தம் வரைக்கும் ஜன்னலோரமாகக் காற்று வாங்கிக்கொண்டு சொகுசாகப் போகும். நின்றுகொண்டே போகிற பிள்ளைத்தாய்ச்சிகூட அதை எடுத்து நகர்த்த மாட்டாள், ஏனென்றால் அவளும் இந்த ஊர்க்காரிதான், நாளைக்கு அவள் துண்டுக்கும் மரியாதை வேண்டுமல்லவா.

வடிவாம்பாளின் புருஷன் தில்லைநாயகம் இதில் மன்னாதி மன்னன். அவரும் குஞ்சிதபாதமும் நகராட்சியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து ஒரே பஸ்ஸில் பயிற்சிக்குப் போய்வந்தவர்கள். ஒருநாள் இரண்டு பேர் துண்டும் ஒரே ஜன்னலோர இருக்கையில் ஒரே கணத்தில் போய் விழுந்தது. இரண்டு பேரும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் உட்காரவும் இல்லை. காலி இருக்கைக்கு இரு பக்கமும் துவாரபாலகர்கள் மாதிரி நின்றுகொண்டு, யாரையும் உட்காரவிடாமல், வேர்க்க விறுவிறுக்க ஊர்போய்ச் சேர்ந்தார்கள். அன்றிலிருந்து ஒருவரோடு ஒருவர் பேச்சுவார்த்தை கிடையாது. பிற்பாடு தில்லைநாயகம் கீழ்த்தளத்தில் வரிப் பிரிவுக்குத் தலைவர் ஆனார், குஞ்சிதபாதம் மாடியில் பதிவுப் பிரிவுக்குத் தலைவர் ஆனார். "நான் விட்டுக்குடுக்கலையே, கடைசி வரைக்கும் விட்டுக்குடுக்கலையே" என்று தில்லைநாயகம் அந்தக் கதையைச் சொல்லும்போது கல்யாணமான புதிதில் வடிவாம்பாள் சிரித்தாள். வைக்கோல்போர் நாயைக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துகிறோம் என்பது புரியப் புரியச் சிரிப்பு வற்றிப்போனது.

இப்படிப்பட்ட ஊருக்குப் போய்க் கம்ப்யூட்டரைக் கொடுத்தார்கள். ஊரிலுள்ள ஒவ்வொரு உயிரின் பேரும் வயதும் வீடும் பிறப்பும் கல்யாணமும் ஒரே இடத்தில் சேர்த்துவைக்கப்பட்டு, நகராட்சி ஊழியர் யாரானாலும் தன் நாற்காலியில் இருந்தபடியே அதைத் திறந்துகொள்ளலாம் என்று ஏற்பாடு. செய்துகொடுத்த கம்பெனிக்காரர்கள் விவரமானவர்கள். ஒரு ஆளின் விவரத்தை ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் திருத்துவதென்றால் ஒருவர் கைக்குத்தான் போகும், அவர் முடித்து மூடும்வரை மற்றவர்களுக்கு 'வேறொருவர் பயன்பாட்டில் உள்ளது, காத்திருக்கவும்' என்று திரையில் வரும். திறந்தவர் சும்மாவே வைத்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மெஷினே அதைப் பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். இந்தக் கடைசிச் சங்கதியைக் கேட்டதும் நகராட்சியே கொந்தளித்துவிட்டது. நான் போட்ட துண்டை எடுக்க மெஷின் யார்? மாடியும் கீழும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒரே காகிதம் அந்த ஊர் வரலாற்றில் அதுதான்: எவர் திறந்ததையும் எக்காரணம் கொண்டும் பிடுங்கக்கூடாது. தில்லைநாயகத்தின் கையெழுத்தும் குஞ்சிதபாதத்தின் கையெழுத்தும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கம்பெனிக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டு அந்த வசதியை அணைத்துவைத்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் ஆட்கள் நின்றுபோக ஆரம்பித்தார்கள். ஒரு ஆளின் விவரத்தை யாராவது திருத்துவதற்காகத் திறந்தால், அந்த ஆள் எங்கே எப்படி இருந்தாரோ அங்கே அப்படியே நின்றுபோனார். மூடினால் விட்ட இடத்திலிருந்து நடந்தார். சவரக்கடை வேலாயுதம் ஒருத்தர் தொண்டைக்குழியில் கத்தியை வைத்தபடி ஒரு முழுக் காலை நின்றார், வாடிக்கையாளரும் எச்சில் விழுங்காமல் கூடவே உட்கார்ந்திருந்தார். நிற்கிறவர்களுக்குப் பசிக்காது, கால் கடுக்காது, கடுப்பெல்லாம் விட்ட பிறகுதான் தெரியும், ஆனால் காதும் கண்ணும் நன்றாக வேலை செய்யும். நடுநடுவே கண் மட்டும் நனையும். வெறுமனே பார்ப்பதற்காகத் திறந்தாலோ அவ்வளவு தொந்தரவில்லை, இடது கண் துடிக்கும், அவ்வளவுதான்.

திறந்தவர் திருத்தாமல் பாதியில் ரத்து செய்துவிட்டால் மட்டும் கொஞ்சம் சிக்கல். வேலாயுதம் வீடு மாறியதைப் பதியக் கொடுத்த மனுவை ஒரு கிளார்க் பாதியில் ரத்து செய்துவிட, அன்று சாயங்காலம் மனுஷன் மனுப்போட்ட நாளுக்கு முந்தியவனாகி, பழைய வீட்டுக்கே போய், புதிதாகக் குடிவந்தவர்களின் அடுக்களையில் உட்கார்ந்து சோறு போடச் சொல்லி அதட்டினார். அவர்களும் போட்டார்கள். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஊர் இதையெல்லாம் ஒரு மாசத்தில் ஜீரணித்துவிட்டது. அக்கிரமத்தை ஜீரணிப்பதில் குமிழங்குடிக்கு இணையான வயிறு உலகத்தில் கிடையாது என்று வடிவாம்பாள் நினைத்துக்கொண்டாள். ஏன் என்று ஒருத்தர் கேட்கவில்லை. எப்படிச் சமாளிப்பது என்று மட்டும் பேசினார்கள். ஆபீஸ் நேரத்தில் யாரும் தென்னைமரம் ஏறுவதில்லை, எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை, கல்யாணங்களை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார்கள். வெயிலில் நின்றுபோனவர்களுக்குக் குடை பிடிக்க முனைமுக்கில் ஒரு சங்கம் ஏற்பட்டு, அதற்குத் தலைவர், செயலாளர், தலைவர் பதவிக்குச் சண்டை எல்லாம் முறைப்படி வந்துசேர்ந்தன. கடைத்தெருவில் நிற்கிறவர்கள் நீட்டிய கையில் பூக்காரிகள் சரத்தைத் தொங்கவிட்டு வியாபாரம் பார்த்தார்கள். "உங்க வீட்டுக்காரர் எங்கே?" என்றால், "பாலத்துக்கிட்ட நிக்கிறாரு, யாரோ தொறந்திருக்காங்க" என்று மழை பெய்வதைச் சொல்கிற மாதிரிச் சொல்வார்கள். இதிலும் பெருமை பேச ஆள் இருந்தது: இடது கண் அடிக்கடி துடிக்கிறவர்கள் பெரிய மனிதர்கள் ஆனார்கள், துடிக்காதவர்கள் யாராவது தங்களை எடுத்துப் பார்க்கும்படி கிளார்க்குகளிடம் சொல்லிவைத்தார்கள்.

நகராட்சியில் நடந்ததுதான் இதைவிடக் கேவலம். வேலை இருக்கிறதோ இல்லையோ, காலையில் வந்ததும் கீழே உள்ளவர்கள் மாடிக்காரர்கள் கைக்குப் போகாமல் இருக்கக் கொஞ்சம் பேரைத் திறந்துவைத்தார்கள், மாடியில் உள்ளவர்கள் கீழ்த்தளத்துக்காரர்கள் கைக்குப் போகாமல் இருக்கக் கொஞ்சம் பேரைத் திறந்துவைத்தார்கள். திறந்துவைத்துவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். தில்லைநாயகம் முதலில் திறப்பது தன் வீட்டைத்தான். வடிவாம்பாள் தினம் காலையில் தோசைக்கரண்டியும் கையுமாக அடுப்படியில் நின்று, கல்லில் தோசை கருகிக் கரியாவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஏங்க, என்னைத் தொறந்து என்ன திருத்தப் போறீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

"அப்புறம் எதுக்குத் தொறக்கிறீங்க?"

"நான் தொறக்கலைன்னா அவன் தொறந்துருவான்டி."

"அவரு தொறந்தா தோசை கருகும். நீங்க தொறந்தாலும் தோசைதான் கருகுது."

"நம்ம வீட்டு தோசை அவனால கருகக்கூடாது பாரு" என்றார் தில்லைநாயகம். அவர் முகத்தில் கேலியோ வெட்கமோ மருந்துக்கும் இல்லை. இந்த ஆளிடம் இனி எதற்கும் கோபப்படுவது கோபத்துக்குச் செய்கிற அவமானம் என்று அன்று வடிவாம்பாளுக்குத் தோன்றியது.

இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சம்பந்தம் அமைந்தது என்றால் அது தரகரின் சாமர்த்தியம். வடிவாம்பாளின் மகள் இளவேனிலையும் குஞ்சிதபாதத்தின் மகன் பரிதியையும் சேர்த்துப் பார்த்த தரகர், "அவருதான் மொதல்ல எறங்கிவந்து கேட்டாரு" என்று இந்த வீட்டிலும் சொன்னார், அந்த வீட்டிலும் சொன்னார். இரண்டு அப்பாக்களும் தாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்து உடனே சம்மதித்தார்கள். பெண் பார்த்துவிட்டு வந்த அன்றே இவர் கீழே பெண் வீட்டுப் பக்கமிருந்து மணப் பதிவு மனுவைத் தொடங்கினார், அவர் மாடியில் பிள்ளை வீட்டுப் பக்கமிருந்து அதே மனுவைத் தொடங்கினார். மனுவைத் தொடங்குவதால் ஆள் நிற்பதில்லை, பதிவதற்காக ஆளைத் திறந்தால்தான். கல்யாணம் யார் கையால் பதிவாகிறதோ அவர் பேர்தான் சான்றிதழில் முதலில் வரும்.

இதையெல்லாம் அறியாத அந்த இரண்டு பிள்ளைகளும் முன்பின் தெரியாதவர்களாகப் பார்த்துக்கொண்டு, ஒரு வருஷம் போனில் பேசிப் பேசி ஒருவருக்கொருவர் உயிராகிவிட்டார்கள். பரிதிக்கு அம்மா இல்லை. கல்லூரி ஆய்வகத்தில் வேலை, நிதானமான பையன். இளவேனில் அவனிடம் சிரிப்பதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்கும்போதெல்லாம், இந்த வீட்டில் இப்படி ஒரு சிரிப்பா என்று வடிவாம்பாள் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு நின்றாள். யாரும் திறக்காமலே நின்றாள்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை, நகராட்சிக்கு நேர் எதிரே இருந்த பொன்மணி மகாலில். ஆபீஸுக்கு விடுமுறை, பயமில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஆபீஸ் சாவி ஒன்று கீழ்த் தலைவரிடமும் ஒன்று மாடித் தலைவரிடமும் இருந்ததை யாரும் நினைக்கவில்லை. "பொண்ணோட அப்பா எங்க?" என்று புரோகிதர் கேட்டார், "பையனோட அப்பா எங்க?" என்று கேட்டார், "இப்ப வந்துருவாங்க" என்று நாலு பேர் சொன்னார்கள், முகூர்த்தம் தப்பக்கூடாது என்று கெட்டிமேளம் கொட்டச் சொல்லி, பரிதி எழுந்து குனிந்து, மணையில் உட்கார்ந்திருந்த இளவேனிலின் கழுத்தைச் சுற்றி மஞ்சள் கயிற்றின் இரு முனையையும் கொண்டுபோய், முடிச்சுப் போடப் போன நேரத்தில் இரண்டு பேரும் நின்றுபோனார்கள். எதிர்க் கட்டடத்தில் தில்லைநாயகம் தன் மகளைத் திறந்து பிடித்துக்கொண்டு பரிதியைக் கேட்டிருந்தார். மாடியில் குஞ்சிதபாதம் தன் மகனைத் திறந்து பிடித்துக்கொண்டு இளவேனிலைக் கேட்டிருந்தார். கல்யாணத்தைப் பதிய இரண்டு பேரின் விவரமும் ஒரே கையில் வேண்டும். இரண்டு திரையிலும் 'காத்திருக்கவும்' என்று வந்தது. இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

தாலி ஏறும்வரை கெட்டிமேளத்தை நிறுத்தக்கூடாது என்பதால் தவில்காரர் மத்தியானம் வரை அடித்துவிட்டு, கை வீங்கி, தம்பியை வரவழைத்து மாற்றிவிட்டார். வந்தவர்கள் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டே பந்திக்குப் போய், இடது கையில் அட்சதையும் வலது கையில் அப்பளமுமாகச் சாப்பிட்டு, பாயசம் தண்ணியாக இருக்கிறது என்று குறை சொல்லி, "தாலி கட்டினதும் சொல்லியனுப்புங்க" என்று போய்ச்சேர்ந்தார்கள்.

வடிவாம்பாள் பட்டுப்புடவையோடு தெருவைத் தாண்டி ஓடினாள். தில்லைநாயகம் பட்டுவேட்டியும் நெற்றியில் சந்தனமுமாகத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"விடுங்க. மூடித் தொலைங்க. புள்ளைங்க கழுத்தும் கையுமா நிக்குதுங்க."

"அவனை மூடச் சொல்லு."

"அவரு மூடமாட்டாரு."

"அப்ப நான் மட்டும் என்ன இளிச்சவாயனா?"

மாடிக்கு ஓடினாள். "சம்பந்தி, பெரிய மனசு பண்ணி நீங்களாவது விடுங்க" என்று கும்பிட்டாள். குஞ்சிதபாதம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "கும்புடாதீங்கம்மா, தப்பு. நான் விட்டுருவேன், எனக்கென்ன. ஆனா நான் விட்டேன்னு அவரு நாளைக்கு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவாரே?" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமிகள் இரண்டும் பூசாரிகளாக வேலை பார்த்துக்கொண்டிருந்தன.

நாட்கள் வாரங்கள் ஆயின. இரண்டு தலைவர்களும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. குளிக்கவோ கழிப்பறைக்கோ போகும்போது துண்டைப் போட்டுவிட்டுப் போனார்கள், அந்தத் துண்டை வழக்கம்போல ஒருத்தரும் தொடவில்லை. ஆணையர் இரண்டு பேரையும் பார்த்து, இருவருமே அனுபவஸ்தர்கள், இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று எழுதிவைத்துவிட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மகாலில் அடுத்த முகூர்த்தத்துக்குப் பதிந்திருந்தவர்கள் முதலில் தகராறு செய்தார்கள். அப்புறம் மேடையில் கொஞ்சம் தள்ளி மணை போட்டுக்கொண்டார்கள். அதற்கடுத்த கல்யாணத்துக்காரர்கள் நிற்கிற ஜோடிக்கும் சேர்த்து மாலை வாங்கிவந்தார்கள். பிறகு நிற்கிற ஜோடி இருக்கிற மேடையில் கல்யாணம் செய்தால் தம்பதி பிரியாது என்று யாரோ கிளப்பிவிட, பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பொன்மணி மகாலுக்குக் கூட்டம் வந்தது. வரன் அமையாத பெண்கள் பரிதியின் முழங்கையில் மஞ்சள் நூல் கட்டிவிட்டுப் போனார்கள். கல்யாணத்துக்கு வந்த குடும்பங்கள் நடுவில் அவர்களை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டன. சின்னப் பிள்ளைகள் இளவேனிலின் முந்தானைக்குள் ஒளிந்து விளையாடினார்கள். ஒரு முழு ஊரும் இரண்டு உயிரின் துன்பத்தைச் சுற்றிவந்து கும்பிட்டது, அதை அவிழ்க்க ஒரு விரலைக்கூட நீட்டவில்லை. வடிவாம்பாள் தினம் போய் ஈரத்துணியால் மகளின் முகத்தைத் துடைத்தாள், பிறகு அம்மா இல்லாத அந்தப் பையனின் முகத்தையும் துடைத்தாள், சுற்றி நின்று பார்த்தவர்களின் முகத்தைக் கண்டால் துப்பலாம் போலிருந்தது. சில நாள் துப்பவும் செய்தாள். அதையும் அவர்கள் ஏதோ சடங்கு என்று எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியில் கம்பெனியிலிருந்து ரிஸ்வானா என்ற பெண் வந்தாள். இரண்டு திரையையும் பார்த்தாள், இரண்டு தலைவர்களையும் பார்த்தாள், வெளியே வந்து மரத்தடியில் வடிவாம்பாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, இது எல்லா ஊர்லயும் நடக்கிறதுதான். ரெண்டு பேரு ஆளுக்கொண்ணைப் பிடிச்சுக்கிட்டு அடுத்தவன் கையில இருக்கிறதைக் கேட்டா இப்படி மாட்டிக்கும். மத்த ஊர்ல மெஷினே கண்டுபிடிச்சு ஒருத்தரை வெளியே தள்ளிவிட்டுரும். இங்க அது கூடாதுன்னு இவங்க எழுதிக் குடுத்திருக்காங்க."

"மெயினை அணைச்சுட்டா?"

"இப்ப தொறந்து கிடக்கிற அத்தனை பேரும் பின்னாடி போயிருவாங்க. ஊர்ல பாதிப் பேரு. யாருக்கு எத்தனை வருஷம் போகும்னு எனக்கே தெரியாது." அவள் கொஞ்சம் தயங்கினாள். "அடுத்த ஆளைக் கேட்டுக் காத்திருக்கும்போது சும்மா மூட முடியாது, ரெண்டு பேர்ல ஒருத்தர் ரத்து பண்ணணும் ஆன்ட்டி. வேற வழியில்ல. ரத்து பண்றவங்க பக்கத்துப் பிள்ளைக்கு, இந்த மனு தொடங்கின நாள்லேருந்து நடந்தது எதுவுமே நடக்காத மாதிரி ஆயிரும்."

மனு தொடங்கியது பெண் பார்த்த அன்றைக்கு. அப்படியென்றால் ஒரு பிள்ளை அந்த ஒரு வருஷத்தையும் இழந்து, எதிரில் நிற்பது யாரென்றே தெரியாமல் கண் விழிக்கும். இன்னொரு பிள்ளை எல்லாம் தெரிந்து விழிக்கும். வடிவாம்பாள் இதைப் புருஷனிடம் போய் விளக்கமாகச் சொன்னாள். ஒரு அப்பனுக்கு இதைக் கேட்டால் நெஞ்சு பதறும், பதறினால் கை தானாக ஏதாவது செய்யும் என்று அவளுக்கு இன்னமும் ஒரு நப்பாசை இருந்தது.

தில்லைநாயகம் யோசித்தார். நிஜமாகவே நெடுநேரம் யோசித்தார்.

"அவன் மவன் மறக்கட்டுமே" என்றார். "நம்ம புள்ள ஏன் மறக்கணும்?"

மாடியிலும் அதே பதில்தான் வந்தது.

அன்று மத்தியானம் மகாலில் கல்யாணம் எதுவும் இல்லை. வடிவாம்பாள் மேடையில் ஏறி, இரண்டு பேர் முகத்தையும் துடைத்துவிட்டு, அவர்களுக்கு எதிரே கீழே உட்கார்ந்தாள். அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

"ரெண்டு பேரும் கேளுங்க. ஒங்கப்பனுங்க ரெண்டு பேரும் மனுஷனுங்க இல்ல. அதனால நான் ஒருத்தி முடிவு பண்ண வேண்டியிருக்கு. இளா, நீதான்டி மறக்கப் போற. கீழ இருக்கிறதைத்தான் ரத்து பண்ணப் போறேன்." அவள் பரிதியை நிமிர்ந்து பார்த்தாள். "தம்பி, மாடியில இருக்கிறதை ரத்து பண்ணா நீங்க மறந்துருவீங்க, எம் பொண்ணு எல்லாத்தையும் நெனச்சுக்கிட்டு நிப்பா. எல்லாத்தையும் மறந்துட்ட ஆம்பள முன்னால எல்லாத்தையும் நெனச்சுக்கிட்டு நிக்கிறது எப்படி இருக்கும்னு முப்பது வருஷமா எனக்குத் தெரியும். அது அவளுக்கு வேண்டாம். ஒருவாட்டி ஒரு ஆம்பள நெனச்சுக்கிட்டு நிக்கட்டும். நான் செய்யிறது அநியாயம்தான். நீங்க என்னைத் திட்டலாம்."

இரண்டு பேர் கண்ணும் நனைந்திருந்தன. எது சம்மதம், எது வேண்டாம் என்ற கெஞ்சல் என்று ஒரு அம்மாவால்கூடப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் இரண்டையும் துடைத்துவிட்டு எழுந்தாள்.

தில்லைநாயகம் கழிப்பறைக்குப் போகும் நேரம் அவளுக்கு மனப்பாடம். நாற்காலியில் துண்டு கிடந்தது. அதைத் துவைத்து உலர்த்தி மடித்துக் கொடுத்தவள் அவள்தான், ஆனாலும் அவள் அதன் மேல் உட்கார்ந்ததும் வரிப் பிரிவு முழுக்க எழுந்து நின்றுவிட்டது. கோயில் கருவறைக்குள் செருப்போடு போனவளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்கள். "ஐயோ, அது சாரோட எடம்மா" என்று ஒருத்தர் அலறினார். "தெரியும்" என்று சொல்லிக்கொண்டே ரிஸ்வானா சொல்லிக்கொடுத்திருந்த ரத்துப் பொத்தானை அமுக்கினாள். நிச்சயமாகவா என்று மெஷின் கேட்டது. இந்த ஊரில் அவளை அப்படி ஒரு வார்த்தை கேட்டது அது ஒன்றுதான். ஆமாம் என்று மறுபடி அமுக்கினாள்.

மாடியில் "வுட்டுட்டான்! வுட்டுட்டான்டா!" என்று குஞ்சிதபாதம் கத்துவது கேட்டது. கீழே கைவிட்டதும் இளவேனிலின் விவரம் அவர் கைக்குப் போய்விட்டது. இப்போது இரண்டு பேரும் அவர் பிடியில். தன் பேரை முதலில் போட்டு, முதலெழுத்தைச் சரிபார்த்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி சரிபார்த்து அவர் பதிந்து முடிப்பதற்குள் வடிவாம்பாள் தெருவைக் கடந்து மகாலுக்குள் வந்துவிட்டாள். ரத்தானதற்கும் மறுபடி பிடிபட்டதற்கும் நடுவில் கிடைத்த ஒரு மூச்சில் இளவேனில் கழுத்தைப் பின்னுக்கு இழுத்திருந்தாள். புருவம் சுருங்கியிருந்தது. கொஞ்சம் முன்னால் அவள் துடைத்துவிட்ட முகம் இல்லை அது. என்ன செய்துவிட்டோம் என்பது அந்தப் புருவத்தைப் பார்த்ததும் வடிவாம்பாளுக்கு உறைத்தது.

பிறகு இரண்டு பேரும் அசைந்தார்கள். எதிர்க் கட்டடத்தில் சான்றிதழ் அச்சாகி வெளியே வந்துவிட்டது; ஊர்க் கணக்கில் அவர்கள் புருஷன் பெண்டாட்டி. மூலையில் தூங்கிக்கொண்டிருந்த தவில்காரரின் தம்பி அலறியடித்து எழுந்து கெட்டிமேளத்தை ஆரம்பித்தார். பரிதி அவரைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினான். மேளம் நின்றது.

"அம்மா, யாரும்மா இவரு? நான் ஏன் இந்தப் பொடவையில இருக்கேன்?" என்றாள் இளவேனில்.

பரிதி கயிற்றை அவள் கழுத்திலிருந்து மெல்ல எடுத்தான். கையை இறக்க வரவில்லை; தோள்பட்டை இறுகி, கை முன்னால் நீண்டபடியே இருந்தது. அவன் அவளுடைய கண்ணைத் தேடினான். ஒரு வருஷமாகப் பழகிய கண்ணில் பழகிய எதுவுமே இல்லை. முகம் ஒருதரம் உடைந்து, அவனாகவே அதைச் சேர்த்துக்கொண்டான்.

"என் பேரு பரிதிங்க. உங்களுக்கு என்னைத் தெரியாது" என்றான்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சான்றிதழைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு குஞ்சிதபாதமும், அதைப் பறிக்க எம்பிக்கொண்டே தில்லைநாயகமும் உள்ளே வந்தார்கள். "பொம்பள உக்காந்து ரத்து பண்ணது செல்லாதுய்யா, நான் விடல, நான் விடவே இல்ல!" என்று இவர் கத்த, "பாரு, யார் பேரு முன்னால இருக்குன்னு பாரு!" என்று அவர் கத்தினார். பின்னாலேயே ஊரும் வந்து, யார் ஜெயித்தது என்று விசாரித்தது.

இளவேனில் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கயிற்றைப் பிடித்திருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை ஏன் இப்படி நடுங்குது உங்களுக்கு?"

"ரொம்ப நாளாத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நீட்டினாள்.

"குடுங்க. கொஞ்ச நேரம் நான் வச்சிருக்கேன்."

அவன் கொடுத்தான். கைகள் இரண்டும் பக்கவாட்டில் விழுந்தன, அவன் மணைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான். வடிவாம்பாள் அப்போதுதான் அழுதாள்.